ரப்பர் பாலில் உள்ள புரதம்

(தோட்டப்புற மக்களுக்காக ஈப்போவில் நிகழ்த்தப்பெற்ற அறிவியல் உரையின் எழுத்து வடிவம்)



பால் என்ற சொல்லைக் கேட்டவுடன் பட்டணத்தார்க்குப் பசு நினைவுக்கு வரும். தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கோ மங்கில் சொட்டுச் சொட்டாக விழும் மரத்துப் பாலே முதலில் நினைவுக்கு வரும். இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் புரதம். புரதம் என்றதும் முட்டை, மீன், பருப்பு என்று சத்துணவுப் பட்டியலைத் தொடங்கிவிடுவது பேச்சாளர்களின் வழக்கம். அந்தப் பட்டியலை நீங்கள் பலமுறை கேட்டிருப்பீர்கள். ஆதலால் அதனை விடுத்து, நம் முன்னோர் நூறாண்டுக்கு மேலாகக் கையாண்ட ரப்பர் பாலையே எடுத்துக்கொண்டு, புரதம் என்பது எப்படிப்பட்ட பொருள், அது இருப்பதை எவ்வாறு சோதித்து அறிகிறார்கள் என்பவற்றைக் காண்போம்.

பேராக் மாநிலத்தில் இதைப் பற்றிப் பேசுவது பொருத்தமே. 1877ஆம் ஆண்டில் கியூ தோட்டத்திலிருந்து இலங்கை வழியாகச் சிங்கப்பூர் வந்து சேர்ந்த 22 ரப்பர்க் கன்றுகளுள் ஒன்பது கோலகங்சாரில் நடப்பட்டன. அக்காலத்து மரங்களுள் ஒன்றை இன்றும் அவ்வூரில் வேலியிட்டுக் காத்து வருகிறார்கள். சுங்கை சிப்புட், கோலகங்சார், ஈப்போ வட்டாரங்களில் பின்னர்ப் பரந்து கிடந்த ரப்பர்த் தோட்டங்களுள் பல இன்று செம்பனையாகவும் வீடமைப்புத் திட்டங்களாகவும் மாறிவிட்டன. ஆயினும் பால் நம்மை விட்டுப் போய்விடவில்லை. அன்று பால் வெட்டியவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று ஈப்போவைச் சுற்றியும், தைப்பிங்கை அடுத்த கமுண்டிங்கிலும் உள்ள கையுறைத் தொழிற்சாலைகளில் வேலை செய்கிறார்கள். வேறு சிலர் மருத்துவமனைகளில் தாதியராக அந்தக் கையுறைகளையே நாள்தோறும் அணிகிறார்கள். இவர்களுள் ஒரு சிலருக்குக் கையில் தடிப்பும் அரிப்பும், இன்னும் சிலருக்கு மூச்சுத் திணறலும் ஏற்படுகின்றன. அதற்கும் பாலிலுள்ள புரதத்திற்கும் உள்ள தொடர்பே இவ்வுரையின் நடுப்பொருள்.

அனுபவமுள்ள பால்வெட்டாளர் ஒருவரைக் கேட்டால் மூன்று செய்திகளைத் தயங்காமல் சொல்வார். பால் கொட்டகையில் பார்மிக் அமிலத்தை நீரில் கலந்து ஊற்றினால் பால் உறைந்து கட்டியாகும். அமோனியா சேர்த்தால் நாட்கணக்கில் உறையாது. ஒன்றுமே சேர்க்காமல் விட்டால் மாலைக்குள் தானே திரிந்து நாற்றமெடுக்கும். இம்மூன்று செய்திகளுக்கும் அடியில் இருப்பது புரதமே.

புதிய பாலில் நூற்றுக்கு 30 முதல் 40 பங்கு வரை ரப்பர் இருக்கும். புரதம் ஏறத்தாழ ஒன்று அல்லது இரண்டு பங்குதான். எஞ்சியதில் பெரும்பகுதி நீர். ரப்பர் என்பது கண்ணுக்குத் தெரியாத சிறு உருண்டைகளாக அந்நீரில் மிதக்கிறது. ஒவ்வோர் உருண்டையையும் புரதமும் கொழுப்பு வகைப் பொருள்களும் மெல்லிய போர்வைபோல் மூடியிருக்கின்றன. அந்தப் போர்வை எதிர் மின்னேற்றம் உடையது. ஒரே வகை மின்னேற்றம் உள்ளவை ஒன்றையொன்று விலக்கும் அல்லவா? அதனால்தான் உருண்டைகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் விலகி நிற்க, பால் பாலாகவே ஓடுகிறது. அமிலம் ஊற்றியவுடன் அந்த மின்னேற்றம் தணிந்துவிடுகிறது. உருண்டைகள் நெருங்கி ஒட்டிக்கொள்கின்றன, பால் கட்டியாகிறது. அமோனியா இதற்கு நேர்மாறு. அது காரத்தன்மையைக் கூட்டி விலக்கத்தைக் காப்பதோடு, புரதத்தைத் தின்று புளிக்கச் செய்யும் நுண்ணுயிர்களையும் ஒடுக்குகிறது. ஒட்டுப்பால் மூட்டைகளிலிருந்து வீசும் நாற்றத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ரப்பருக்கு அந்த நாற்றம் இல்லை. அது நுண்ணுயிர்கள் புரதத்தைச் சிதைக்கும்போது எழும் நாற்றமாகும்.

இனிப் புரதத்தின் அமைப்பைக் காண்போம். பூச்சரம் ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மல்லிகை, கனகாம்பரம், மரிக்கொழுந்து என்று 20 வகைப் பூவும் தழையும் கிடைக்கின்றன. அவற்றை எந்த வரிசையிலும் எத்தனை நீளத்திற்கும் தொடுக்கலாம். புரதமும் அவ்வாறே 20 வகை அமினோ அமிலங்களைத் தொடுத்துக் கட்டிய சரம். ஒரு பூவை அடுத்த பூவோடு இணைக்கும் முடிச்சுக்குப் பெப்டைடு பிணைப்பு என்று பெயர். எந்தப் பூவுக்கு அடுத்து எந்தப் பூ என்ற வரிசையை முதல்நிலை அமைப்பு என்பர். இந்த வரிசையை ஒரு புரதத்திற்கு முதன்முதலாக முழுவதும் கண்டுபிடித்தவர் இங்கிலாந்தைச் சேர்ந்த பிரடெரிக் சாங்கர். நீரிழிவு நோயாளிகள் ஊசியாகப் போட்டுக்கொள்ளும் இன்சுலினில் 51 அமினோ அமிலங்கள் உள்ளன. அவற்றின் வரிசையை அவர் 1955இல் முடித்துக் காட்டினார். 1958இல் நோபெல் பரிசு பெற்றார். வரிசையில் ஒன்று மாறினாலும் விளைவு பெரிது. இரத்தத்தின் ஹீமோகுளோபினில் ஒரு சங்கிலியின் ஆறாவது இடத்தில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறியிருப்பதே அரிவாள் செல் சோகை என்னும் நோய்க்குக் காரணம்.

ஆனால் சரம் நீண்டு கிடப்பதில்லை. அது சில இடங்களில் சுருள்வில்போலச் சுருள்கிறது. சில இடங்களில் மடிப்புத் தாள்போல மடிகிறது. இது இரண்டாம் நிலை. சுருளும் மடிப்புமாக இருப்பது மேலும் திரண்டு, தனக்கே உரிய ஒரு வடிவத்தை அடைவது மூன்றாம் நிலை. இப்படித் திரண்ட சரங்கள் சில ஒன்றுசேர்ந்து ஒரே உறுப்பாக வேலை செய்வது நான்காம் நிலை. ஹீமோகுளோபினில் அவ்வாறு நான்கு சரங்கள் கூடியிருக்கின்றன.

இங்கே ஒரு பெயரைக் குறிப்பிடாமல் போக நமக்கு மனம் வரவில்லை. 1922இல் எர்ணாகுளத்தில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்த ஜி. என். இராமச்சந்திரன், 1952 முதல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறையை நடத்தியவர். தோல், எலும்பு, தசைநாண் ஆகியவற்றுக்கு உறுதி தரும் கொலாஜன் என்ற புரதம் மூன்று இழைகள் ஒன்றோடொன்று முறுக்கிய கயிறுபோல் இருக்கிறது என்பதை அவரும் கோபிநாத் கர்த்தாவும் 1954இல் எடுத்துரைத்தனர். புரதச் சரம் எந்தெந்தக் கோணங்களில் திரும்பலாம், எந்தக் கோணங்களில் திரும்பினால் அணுக்கள் ஒன்றன்மேல் ஒன்று மோதிக்கொள்ளும் என்பதைக் கணக்கிட்டு, இராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோருடன் 1963இல் அவர் வெளியிட்ட வரைபடம் இன்றும் உலகெங்கும் இராமச்சந்திரன் வரைபடம் என்றே வழங்கப்படுகிறது. புதிதாக ஒரு புரதத்தின் வடிவத்தை யார் கண்டறிந்தாலும், அது சரிதானா என்று பார்க்க அந்த வரைபடத்தில் வைத்துப் பார்ப்பது வழக்கம். கணினியைக் கொண்டு புரத வடிவங்களைக் கணித்தவர்களுக்கும் வடிவமைத்தவர்களுக்கும் 2024இல் வேதியியல் நோபெல் பரிசு கிடைத்தது. அதற்கு 60 ஆண்டுகளுக்கு முன்பே சென்னையில் நடந்த வேலை இது. நோபெல் பரிசு இராமச்சந்திரனுக்குக் கிடைக்காதது குறையே என்பது நம் கருத்து.

மூன்றாம் நிலை வடிவம் குலைந்தால் என்ன ஆகும் என்பதை ஒவ்வொரு தாயும் அடுப்படியில் நாள்தோறும் காண்கிறார். முட்டையின் வெள்ளைக்கரு தெளிந்த நீர்போல் இருக்கிறது. வேகவைத்தால் வெளுத்துக் கட்டியாகிறது. சரத்தின் முடிச்சு ஒன்றும் அவிழவில்லை. மடிப்புகள்தாம் குலைந்து, சரங்கள் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டன. ஆறவைத்தாலும் அது மீண்டும் நீராவதில்லை.

எல்லாப் புரதமும் இவ்வாறு எளிதில் குலைந்துவிடுமா? குலையாது என்பதற்கு ரப்பர் பாலிலேயே சான்று இருக்கிறது. ஹெவீன் என்பது அதன் பெயர். ரப்பர் மரத்தின் அறிவியற் பெயராகிய ஹீவியா என்பதிலிருந்து வந்த பெயர் அது. ஆர்ச்சர் என்ற ஆய்வாளர் 1960இல் அதைப் பாலிலிருந்து படிகமாகப் பிரித்தெடுத்து வெளியிட்டார். மிகச் சிறிய புரதம். 43 அமினோ அமிலங்களே உண்டு. அவற்றுள் எட்டு, கந்தகம் உள்ள சிஸ்டீன். அந்த எட்டும் இரண்டிரண்டாகக் கைகோத்து நான்கு பாலங்களாக நிற்கின்றன. வீட்டுக் கூரைக்கு நான்கு பக்கமும் இழுத்துக் கட்டிய கம்பிபோல அவை இந்தப் புரதத்தின் வடிவத்தைப் பிடித்து வைத்திருக்கின்றன. அதனால் சூடு பட்டாலும் ஹெவீன் எளிதில் வடிவம் இழப்பதில்லை.

மரம் இதை வீணுக்கு உண்டாக்கவில்லை. பாலில் ரப்பர் உருண்டைகளைத் தவிர லூட்டாய்டு எனப்படும் நுண்ணிய பைகளும் உள்ளன. ஹெவீன் பெரும்பாலும் அந்தப் பைகளுக்குள் இருக்கிறது. உளி பட்டுப் பட்டை வெட்டுண்டவுடன் பைகள் சில வெடிக்கின்றன. வெளிவரும் ஹெவீன் ரப்பர் உருண்டைகளை ஒன்றோடொன்று பிணைத்து, பால்குழாய்களின் வாயை அடைக்கிறது. விடியுமுன் வெட்டிய மரத்தில் பால் ஓட்டம் சில மணி நேரத்தில் தானே நின்றுவிடுவதற்கு இது ஒரு முதன்மையான காரணம். நமக்குக் காயம் பட்டால் இரத்தம் உறைவதை ஒத்த ஏற்பாடு என்று கொள்ளலாம். அன்றியும், பூஞ்சைக் காளானின் உடற்சுவரில் உள்ள கைட்டின் என்ற பொருளைப் பற்றிக்கொள்ளும் திறமும் ஹெவீனுக்கு உண்டு. வெட்டுக்காயத்தின் வழியாகப் பூஞ்சை நுழையாதவாறு காப்பதும் அதன் தொழில் என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். மரத்திற்குக் காவலாக நிற்கும் இதுவே மனிதருள் சிலருக்குத் துன்பமாயிற்று.

1979இல் இங்கிலாந்தில் ரப்பர்க் கையுறையால் உடனே தடிப்பு எழுந்த ஒரு பெண்ணைப் பற்றி மருத்துவ இதழ் ஒன்றில் ஒரு குறிப்பு வந்தது. அன்று அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டவர் சிலரே. பின்னர் எய்ட்ஸ் நோய் பரவியபோது, எல்லா நோயாளிகளிடத்தும் கையுறை அணிந்தே பணியாற்ற வேண்டும் என்ற விதி 1987இல் அமெரிக்காவில் வகுக்கப்பட்டது. மற்ற நாடுகளும் பின்பற்றின. கையுறைத் தேவை திடீரெனப் பெருகியது. நம் நாட்டில் புதிய தொழிற்சாலைகள் பல எழுந்தன. அடுத்த சில ஆண்டுகளில் ஒவ்வாமைச் செய்திகளும் பெருகின. அமெரிக்காவில் 1988 முதல் 1992 வரை ரப்பர் பாலால் ஆன மருத்துவச் சாதனங்களினால் நேர்ந்த கடும் ஒவ்வாமை குறித்து ஆயிரத்திற்கு மேற்பட்ட அறிக்கைகள் அரசுக்கு வந்தன. அவற்றுள் 15 மரணங்கள். 1991இல் அந்நாட்டு அரசு மருத்துவர்களுக்கு எச்சரிக்கை விடுத்தது. நம் நாட்டு ரப்பர்த் தொழிலுக்கு அது இடிபோல் வந்த செய்தி.

கையுறை செய்யும் முறையை அறிந்தால் காரணம் விளங்கும். கைவடிவப் பீங்கான் அச்சை முதலில் கால்சியம் உப்புக் கரைசலிலும் பிறகு பாலிலும் தோய்த்தெடுக்கிறார்கள். அச்சின்மேல் படிந்த பால் ஈரக் களியாக இருக்கும்போது வெந்நீர்த் தொட்டியில் ஊறவைத்துக் கழுவ வேண்டும். பின்னர் சூட்டடுப்பில் வைத்து வல்கனைஸ் செய்வார்கள். படலம் உலரும்போது உள்ளிருக்கும் நீர் மேற்பரப்பை நோக்கி நகர்கிறது. நீரில் கரையும் புரதமும் அதனோடு மேலே வந்து படிகிறது. அந்த மேற்பரப்புத்தான் கையைத் தொடுவது. ஆதலால் கழுவும் நேரம் குறைந்தாலும், தொட்டி நீரை உரிய காலத்தில் மாற்றாவிட்டாலும் புரதம் தங்கிவிடும். கையுறை எளிதில் நுழைவதற்காகத் தூவிய சோளமாவு இன்னொரு கேடு செய்தது. புரதம் மாவுத்தூளில் ஒட்டிக்கொண்டு, கையுறையைக் கழற்றும்போது காற்றில் பறந்து, மூச்சு வழியே நுழைந்தது. கையுறை அணியாத நோயாளிக்கும்கூட இருமல் வந்ததற்கு இதுவே காரணம். மாவு தூவிய மருத்துவக் கையுறைகளை அமெரிக்க அரசு தடை செய்தது. அத்தடை 2017 ஜனவரியில் நடப்புக்கு வந்தது.

சரி, புரதம் இருக்கிறதா, எவ்வளவு இருக்கிறது என்பதை எப்படி அறிவது? கண்ணால் பார்த்தோ முகர்ந்தோ அறிய முடியாது. சோதனைகள் பல உண்டு. ஒவ்வொன்றும் வெவ்வேறு கேள்விக்கு விடை தருவது என்பதை முதலில் மனத்தில் இருத்த வேண்டும். ஒரு சோதனையின் விடையை இன்னொரு கேள்விக்குப் பொருத்துவதால் விளையும் குழப்பம் பெரிது.

நம் பிள்ளைகள் பள்ளிக்கூட அறிவியற்கூடத்தில் செய்வது பையூரெட் சோதனை. முட்டை வெள்ளைக்கருவை நீரில் கலந்து சோதனைக்குழாயில் எடுத்து, காஸ்டிக் சோடாக் கரைசலைச் சேர்த்து, மயில்துத்தக் கரைசலைச் சில துளிகள் விட்டால், நீலமாக இருக்க வேண்டிய கலவை ஊதா நிறமாக மாறும். மயில்துத்தத்தில் உள்ள செம்பு, புரதச் சரத்தின் பெப்டைடு முடிச்சுகளைப் பற்றிக்கொள்வதால் வரும் நிறம் அது. சீனிக் கரைசலில் இந்த ஊதா வராது. ஆக, இது முடிச்சைக் காணும் சோதனை. எந்தப் பூ என்று இதற்குத் தெரியாது. (காஸ்டிக் சோடா தோலை அரிக்கக் கூடியது, ஆசிரியர் இல்லாத இடத்தில் பிள்ளைகள் இதைச் செய்து பார்க்க வேண்டா.)

இரண்டாவது, 1883இல் கோப்பன்ஹேகன் நகரில் ஜோஹான் கெல்டால் வகுத்த முறை. மதுவாலைக்கு வரும் தானியத்தில் எவ்வளவு புரதம் என்று அறிய அவர் இதைக் கண்டார். பொருளை அடர் கந்தக அமிலத்தில் வேகவைத்துச் சிதைத்து, அதிலுள்ள நைட்ரஜன் முழுவதையும் அமோனியாவாக்கி, அந்த அமோனியாவை அளப்பார்கள். புரதத்தின் எடையில் ஏறத்தாழ நூற்றுக்கு 16 பங்கு நைட்ரஜன் என்பதால், கிடைத்த நைட்ரஜனை 6.25 ஆல் பெருக்கினால் புரத அளவு வரும்.

இந்த முறைக்கும் நம் தோட்டங்களுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. 1965இல் மலேசியத் தர ரப்பர்த் திட்டம் நடப்புக்கு வந்தபோது, கண்ணால் பார்த்துத் தரம் பிரிக்கும் பழைய முறையை விட்டுச் சோதனைக்கூட அளவுகளைக் கொண்டே தரம் குறிக்கலாயினர். அதில் நைட்ரஜன் நூற்றுக்கு 0.60 பங்குக்கு மேற்படலாகாது என்பது ஒரு விதி. பாலை மையவிலக்குப் பொறியில் சுழற்றி 60 பங்கு ரப்பர் உள்ள கெட்டிப்பாலைப் பிரித்த பிறகு மிஞ்சும் நீர்த்த பாலில் புரதம் மிகுதி. அதிலிருந்து வரும் ஸ்கிம் ரப்பரை நல்ல ரப்பரோடு கலந்து விற்றால் நைட்ரஜன் அளவு கூடிக் காட்டிக்கொடுத்துவிடும்.

ஆனால் நைட்ரஜனை அளக்கும் முறை புரதத்தை நேரே காண்பதில்லை. அது வேறு எங்கிருந்து வந்த நைட்ரஜனையும் புரதம் என்றே எண்ணிக்கொள்ளும். 2008இல் சீனாவில் இந்தக் குறையை அறிந்தவர்கள் நீர் கலந்த பாலில் மெலமைன் என்ற நைட்ரஜன் மிகுந்த இரசாயனத்தைக் கலந்து, புரதம் போதிய அளவு இருப்பதாகக் காட்டினார்கள். ஆறு குழந்தைகள் இறந்தனர். ஏறத்தாழ 3 இலட்சம் குழந்தைகள் நோயுற்றனர். சோதனை பொய் சொல்லவில்லை. கேட்ட கேள்விதான் தவறானது.

கையுறைக்கு வருவோம். கையுறை முழுவதையும் சிதைத்து நைட்ரஜனை அளந்து பயனில்லை. ரப்பருக்குள் சிறைப்பட்ட புரதம் கையைத் தொடுவதில்லை. வியர்வையில் கரைந்து வெளிவருவதே கேடு செய்வது. எனவே கையுறையைத் துண்டாக்கித் தக்க கரைசலில் இரண்டு மணி நேரம் ஊறவைத்து, அக்கரைசலில் இறங்கிய புரதத்தை மட்டும் அளக்கிறார்கள். அளப்பதற்குப் பயன்படுவது 1951இல் ஆலிவர் லவுரி வெளியிட்ட முறையின் திருத்திய வடிவம். பையூரெட் சோதனையில் வருவதுபோல் முதலில் செம்பு சேர்கிறது. அதன்மேல் இன்னொரு வேதிப்பொருளைச் சேர்க்கக் கருநீலம் தோன்றுகிறது. நீலம் எவ்வளவு ஆழமோ அவ்வளவு புரதம். கையுறையில் எஞ்சியிருக்கும் வேறு இரசாயனங்களும் நீலத்தைக் கூட்டிக் காட்டக்கூடும் என்பதால், முதலில் அமிலத்தால் புரதத்தை மட்டும் வீழ்படிவாகப் பிரித்து, மீண்டும் கரைத்து, அதன் பிறகே நிறம் ஏற்றுகிறார்கள். இந்தத் திருத்தத்தில்தான் முறையின் நம்பகம் இருக்கிறது. அமெரிக்கத் தர அமைப்பு வகுத்த அளவின்படி, ஒரு சதுர டெசிமீட்டர் பரப்புக்கு, அதாவது ஏறத்தாழ நம் உள்ளங்கை அளவுப் பரப்புக்கு, 200 மைக்ரோகிராமுக்கு மேல் புரதம் கரைந்து வரலாகாது. ஒரு மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு.

இங்கேதான் புரதத்தின் அமைப்பைப் பற்றி நாம் முன்பு பேசியது உதவிக்கு வருகிறது. லவுரி முறை கரைந்து வந்த புரதம் மொத்தம் எவ்வளவு என்றுதான் சொல்லும். ஒவ்வாமை உண்டாவதோ மொத்தப் புரதத்தால் அன்று. உடலில் உண்டாகும் ஒருவகை எதிர்ப்பொருள், குறிப்பிட்ட புரதத்தின் குறிப்பிட்ட வடிவத்தை அடையாளம் கண்டு பற்றிக்கொள்வதால் அது உண்டாகிறது. ரப்பர் பாலில் பலவகைப் புரதங்கள் இருந்தாலும், ஒவ்வாமை தருவன என்று உலகப் பட்டியலில் இடம்பெற்றவை 15. ஹெவ் பி 1, ஹெவ் பி 2 என்று அவற்றுக்கு எண் கொடுத்திருக்கிறார்கள். அவற்றுள் சிலவற்றை இனங்கண்டது நம் நாட்டு ரப்பர் ஆராய்ச்சிக் கழகம். 2, 4 ஆகிய எண்களுக்குரிய புரதங்கள் முதன்மையான ஒவ்வாமைப் பொருள்கள் என்பதைச் சுந்தரேசனும் உடனாய்வாளர்களும் 1995இல் வெளியிட்டனர். நாம் முன்பு கண்ட ஹெவீனுக்கு 6.02 என்ற எண். மருத்துவப் பணியாளர்களைப் பெரிதும் தாக்குவன 5ஆம் எண்ணும் இந்த ஹெவீனும். பிறவியிலேயே முதுகெலும்புப் பிளவு உடைய, பலமுறை அறுவை சிகிச்சைக்கு உள்ளான பிள்ளைகளைத் தாக்குவன பெரும்பாலும் ரப்பர் உருண்டையின்மேல் ஒட்டியிருக்கும் 1, 3 ஆகிய எண்களுக்குரியவை. ஆகவே 1, 3, 5, 6.02 ஆகிய நான்கையும் தனித்தனியே எதிர்ப்பொருளைக் கொண்டு தேடி அளக்கும் எலைசா சோதனையும் பின்னர் வகுக்கப்பட்டது. பூட்டுக்குத் திறவுகோல்போல, வடிவம் பொருந்தினால்தான் அந்த எதிர்ப்பொருள் ஒட்டும்.

வடிவம் பொருந்துவதால் வரும் வேறொரு விந்தையும் உண்டு. வாழை, அவகாடோ, கிவி போன்ற பழங்களில் உள்ள சில புரதங்களின் ஒரு பகுதி ஹெவீனை ஒத்த வடிவம் உடையது. ரப்பர்ப் பால் ஒவ்வாமை உள்ளவர்களுள் சிலருக்கு வாழைப்பழம் தின்றால் உதடு அரிப்பெடுப்பது இதனால்தான். அதைக் கண்டு எல்லாரும் வாழைப்பழத்தை விலக்க வேண்டியதில்லை.

தொழிற்சாலைகள் வாளாவிருக்கவில்லை. வெந்நீரில் கழுவுவதை இருமுறையாக்கினார்கள். குளோரின் நீரில் நனைத்து மாவின்றியே வழுக்கும் கையுறை செய்தார்கள். நொதியைக் கொண்டு பாலிலேயே புரதத்தைச் சிதைத்து நீக்கிய ரப்பரை மலேசிய ரப்பர் வாரியம் புரேபிரேனா என்ற பெயரில் உருவாக்கியது. இவற்றால் புரத அளவு பெரிதும் குறைந்தது உண்மை. ஆயினும் வாங்குவோர் பலர் அதற்குள் நைட்ரில் என்ற செயற்கை ரப்பருக்குத் திரும்பிவிட்டனர். இன்று நம் நாட்டுக் கையுறை ஏற்றுமதியில் மரத்துப் பாலை நைட்ரில் முந்தி நிற்கிறது. சிறுதோட்டக்காரர்களுக்கு இதனால் நேர்ந்த இழப்பை எண்ணும்போது, தொடக்கத்திலேயே கழுவும் தொட்டியில் சிறிது கூடுதலாகச் செலவிட்டிருக்கலாகாதா என்று கேட்கத் தோன்றுகிறது.

இறுதியாக, கையுறை அணிந்து வேலை செய்யும் தம்பிமார்களுக்கும் தங்கைமார்களுக்கும் சில சொற்கள். கையில் அரிப்பு வந்தவுடன் எல்லாம் புரத ஒவ்வாமை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அடிக்கடி சவர்க்காரம் போட்டுக் கழுவுவதாலும் நெடுநேரம் வியர்வையில் ஊறுவதாலும் தோல் வறண்டு வெடிப்பது மிகச் சாதாரணம். அது ஒவ்வாமையே அன்று. கையுறை அணிந்து ஒருநாள் இரண்டு நாள் கழித்துக் கொப்புளமும் செம்மையும் தோன்றினால், அது பெரும்பாலும் ரப்பரைப் பதப்படுத்தச் சேர்க்கும் முடுக்கி இரசாயனங்களால் வருவது. அப்படிப்பட்டவர் நைட்ரில் கையுறைக்கு மாறியும் பயன் காணாமல் போகலாம். ஏனெனில் நைட்ரிலிலும் அந்த இரசாயனங்கள் இருக்கக்கூடும். அணிந்த சில நிமிடங்களிலேயே தடிப்பு, தும்மல், கண்ணரிப்பு, மூச்சிரைப்பு என்று வந்தால்தான் புரதத்தின் மேல் ஐயம் கொள்ள வேண்டும். மூச்சுத் திணறலோ மயக்கமோ வந்தால் தாமதமின்றி அவசரப் பிரிவுக்குச் செல்ல வேண்டும்.

மருத்துவர் தோலில் மெல்லக் குத்திப் பார்க்கும் சோதனையாலோ, இரத்தத்தில் எதிர்ப்பொருளை அளந்தோ இதனை உறுதி செய்வார். அருகிலுள்ள அரசாங்கச் சிகிச்சையகத்தில் சொன்னால், தேவைப்படின் ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனூன் மருத்துவமனையின் தோல்நோய்ப் பிரிவுக்குக் கடிதம் தருவார்கள். ஒவ்வாமை உறுதியானால் பல் மருத்துவரிடமும், அறுவை சிகிச்சைக்கு முன்பும், பிள்ளைப்பேற்றின்போதும் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பிள்ளைகளின் பிறந்தநாளுக்கு ஊதும் பலூனும் இதே பாலால் ஆனதுதான் என்பதையும் மறவாதீர்கள். மருத்துவரைக் காணச் செல்லும்போது நீங்கள் அணிந்த கையுறைப் பெட்டியின் அட்டையைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். மரத்துப் பாலா நைட்ரிலா, மாவு தூவியதா இல்லையா என்பன அதில் அச்சிடப்பட்டிருக்கும். அவர் கேட்கும் முதற்கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.